குதிரையின் மூக்கில் இரண்டு விரல்: மார்ட்டிங்கேலும் நோஸ்பேண்டும் கட்டும் விதம்

காபி எங்கள் லாயத்துக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட். ரேஸ் புத்தகத்தில் இருந்த நீளமான பெயரை யாரும் கூப்பிடவில்லை. டிகிரி காபி நிறம் என்று சொல்லி, குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் வைத்த பெயர்தான் நிலைத்தது. நடக்கும்போது தங்கமான பிள்ளை. ட்ராட்டுக்கு, அதாவது துள்ளுநடைக்கு, மாறியதும் தலையை வானத்துக்குத் தூக்குவான். மூன்றாம் நாள் அவன் உச்சந்தலை என் மூக்கில் மோதி, ஒரு வாரம் கத்தரிக்காய் நிறத்து மூக்கோடு திரிந்தேன்.

வீங்கிய மூக்கோடு போய் ஒரு ரன்னிங் மார்ட்டிங்கேல், அதாவது குதிரை தலையை அளவுக்கு மேல் தூக்காமல் பிடிக்கும் வார், வாங்கி வந்தேன். இருபது நாள் கட்டினேன். தலை கொஞ்சம் இறங்கியது. ஆனால் வாயைப் பிளந்து, தாடையை ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தான். வாயைத் திறக்கிறானா, சரி என்று மூக்கைச் சுற்றிக் கட்டும் வாரான நோஸ்பேண்டை இரண்டு ஓட்டை இறுக்கினேன். சைஸ் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வாயையே தச்சிட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் புல் போடப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி உறுத்தியதால்தான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் ரம்பம் மாதிரி இருந்தது. உள் கன்னத்தில் இரண்டு இடத்தில் புண். குதிரைக்கு மேல்தாடை கீழ்தாடையைவிட அகலம். அரைத்து அரைத்துத் தேயும்போது மேல் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் தேயாமல் கூராக நின்றுவிடும். நான் நோஸ்பேண்டை இறுக்க இறுக்க, அவன் கன்னத்தை அந்த ரம்பத்தின் மேலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பல்லை ராவி, புண் ஆற விட்டு, பத்து நாள் கழித்து ஏறினேன். மார்ட்டிங்கேல் இல்லாமலே ட்ராட்டில் தலை அதன் இடத்தில் நின்றது.

அதனால் என்னிடம் யாராவது "தலையைத் தூக்குது, எந்த மார்ட்டிங்கேல் வாங்கலாம்?" என்று கேட்டால், பல் எப்போது பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ரேஸிலிருந்து வந்த குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்லது. பல் சரி என்றால் அடுத்து சேணம். முன்பக்கம் தோள்மேட்டில், அதாவது விதர்ஸில் இடிக்கிறதா? முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனால் எங்காவது நெளிகிறதா? அதற்கும் அடுத்தது நம் கை. இதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். நிதானமான கை உள்ள வேறொருவரை ஏற்றிப் பாருங்கள். அவர் கையில் தலை அமைதியாக இருந்தால், கோளாறு குதிரையிடம் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் மார்ட்டிங்கேலுக்கு வேலை உண்டு. காபி இன்றும் தடை தாண்டும் வரிசையைப் பார்த்தால் உற்சாகத்தில் தலையைத் தூக்குவான். அது வலியல்ல, திமிர். தலை ஓர் அளவுக்கு மேல் போனால் பிட், அதாவது வாய்க்குள் போடும் கடிவாளத் தண்டு, இருக்க வேண்டிய இடத்தைவிட்டு மேலேறிவிடும். நாம் சொல்வது அவனுக்குப் போய்ச் சேராது. அந்த எல்லையில் மட்டும் ஒரு வேலி போடுவதுதான் மார்ட்டிங்கேல். பழைய குதிரைப்படைக்காரர்கள் இதை 'ஜேர்பந்த்' என்பார்கள். பாரசீகத்தில் ஜேர் என்றால் கீழே, பந்த் என்றால் கட்டு. கீழ்க்கட்டு என்று தமிழில் சொன்னால் பொருள் உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் லாயத்தில் எல்லாரும் மார்ட்டிங்கேல் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரன்னிங் மார்ட்டிங்கேல் கட்டுவது

வயிற்றுவாரில், அதாவது கிர்த்தில் தொடங்கி, முன்னங்கால்களுக்கு நடுவே மேலேறி, கழுத்துப்பட்டை வழியாக வந்து, இரண்டாகப் பிரியும் வார் இது. இரண்டு முனையிலும் ஒரு வளையம். பிட்டிலிருந்து நம் கைக்கு வரும் வார்தான் ரெயின்; ஒவ்வொரு ரெயினும் ஒரு வளையத்துக்குள் ஓடும். தலை சாதாரண உயரத்தில் இருக்கும்வரை இது சும்மா தொங்கும். தலை மேலே போனால் வளையம் ரெயினைக் கீழே பிடிக்கும். அழுத்தம் பிட் வழியாகத் தாடைக்குப் போகும்.

முதலில் கழுத்துப்பட்டையைத் தலைவழியாகப் போடுங்கள், பக்கிள் இடது பக்கம் வரட்டும். விதர்ஸுக்கு முன்னால் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ளங்கையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நுழைத்தால் நுழைய வேண்டும், அவ்வளவு இடம். கிர்த்தை மாட்டும்போது மார்ட்டிங்கேலின் அடி வளைவை அதில் கோத்து, முன்னங்கால்களுக்குச் சரியாக நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் முழங்கைப் பக்கம் தோல் உரசிப் புண்ணாகும். கழுத்துப்பட்டையும் நெஞ்சுவாரும் சேரும் இடத்தில் தடியான ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அதைப் போடாமல் விட்டால், குதிரை குனியும்போது வார் சரிந்து முன்னங்காலுக்கு இடையில் தொங்கும். தாண்டும்போது கால் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போது நீளம். ரெயினைக் கோப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். இரண்டு வளையத்தையும் சேர்த்துப் பிடித்து, குதிரையின் தொண்டையும் தாடையும் சேரும் மடிப்பை நோக்கித் தூக்குங்கள். தலை இயல்பான உயரத்தில் இருக்கும்போது வளையம் அந்த மடிப்பைத் தொட வேண்டும். இன்னொரு வழி: வளையங்களைத் தோளை ஒட்டி விதர்ஸ் பக்கம் இழுத்துப் பாருங்கள், உச்சிக்கு ஓர் உள்ளங்கை அகலம், சுமார் 10 செ.மீ., குறைவாக நிற்க வேண்டும். இரண்டையும் பார்ப்பது என் பழக்கம். கழுத்து நீளமான குதிரைக்கு இரண்டு அளவும் கொஞ்சம் முன்பின்னாக வரும். அப்போது நான் நீளமான அளவைத்தான் எடுத்துக்கொள்வேன்.

பிறகு ரெயினைக் கையருகே இருக்கும் நடு பக்கிளில் கழற்றி, முறுக்கில்லாமல் இடது ரெயினை இடது வளையத்திலும் வலதை வலதிலும் கோத்து, திரும்ப மாட்டுங்கள். கடைசிச் சோதனை ஏறி உட்கார்ந்த பிறகு. தரையில் ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். முழங்கையிலிருந்து கை, ரெயின், பிட் எல்லாம் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். வளையம் இருக்கும் இடத்தில் ரெயின் கீழ்நோக்கி ஒடிந்து தெரிந்தால், மார்ட்டிங்கேல் குட்டை. தலை சரியாக இருக்கும்போதே அது வாயை இழுத்துக்கொண்டிருக்கிறது. நான் பார்க்கும் லாயங்களில் பத்துக்கு ஆறு இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஓட்டை மாற்ற அரை நிமிடம் ஆகாது.

அப்புறம், ரெயின் ஸ்டாப். பிட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ரெயினில் மாட்டும் சின்ன ரப்பர் அல்லது தோல் துண்டு. பார்ப்பதற்குப் பட்டன் மாதிரி அற்பமாக இருக்கும். ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு காலையில், ரெயின் ஸ்டாப் ஒன்று தொலைந்துபோனதைப் பார்த்தும் 'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று மைனாவைக் கட்டினேன். மைனா ஒரு மார்வாரி இனப் பெட்டைக் குதிரை. களத்துக்குப் போகும் முன் நிறுத்தி வைத்திருந்தபோது, முன்னங்காலில் ஈ உட்கார்ந்தது என்று தலையைக் குனிந்து தேய்த்தாள். அந்த ஒரு நொடியில் மார்ட்டிங்கேல் வளையம் ரெயின் வழியே சறுக்கி, பிட்டில் ரெயின் மாட்டும் இடத்திலிருந்த கொக்கியைத் தாண்டிப் பின்னால் சிக்கிக்கொண்டது. நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. தலை நெஞ்சோடு கட்டிப்போட்டது மாதிரி. பின்னால் போனாள், இன்னும் இறுகியது, பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தே விட்டாள். சைஸ் அண்ணன் இடுப்புக் கத்தியால் வாரை அறுத்தார். மைனாவுக்கு உதட்டோரத்தில் சிராய்ப்பு. எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

எனவே இரண்டு ரெயினிலும் ஸ்டாப் இருக்கட்டும், பிட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில். ஸ்டாப் வளையத்தின் துளையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வளையத்தை இழுத்து ஸ்டாப்பில் மோதவிட்டு, தாண்டுகிறதா என்று கையாலேயே பாருங்கள். பழைய ரப்பர் சென்னை வெயிலில் கெட்டித்து வெடித்துவிடும். பைசா பெறாத பொருள். நாலு ஜோடி வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

பிட் நெம்புகோல் இல்லாத சாதாரண ஸ்னாஃபிளாக இருக்கட்டும். நெம்புகோல் மாதிரி வேலை செய்யும் நீண்ட தண்டுள்ள பிட்டோடு ரன்னிங் மார்ட்டிங்கேலைச் சேர்த்தால், அழுத்தம் எங்கே எவ்வளவு போகிறது என்று சவாரி செய்பவருக்கே தெரியாமல் போய்விடும்.

மற்ற வகைகள்

ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேல் ரெயினைத் தொடாது; நெஞ்சிலிருந்து நேராக நோஸ்பேண்டின் பின்பக்கத்துக்குப் போகும். போலோ குதிரைகளுக்கு இதுதான் வழக்கம். முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நிறுத்தித் திருப்பும் ஆட்டத்தில் தலை எகிறி முகத்தில் மோதாமல் காக்கிறது. அளவு பார்ப்பது எளிது: தலை இயல்பாக இருக்கும்போது அந்த வாரைக் கையால் மேலே தள்ளினால் தொண்டை மடிப்பை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் குட்டை. கட்டாயமாகக் கேவ்சன் என்ற சாதாரண ஒற்றை வார் நோஸ்பேண்டில்தான் மாட்ட வேண்டும். கீழே இறங்கி நிற்கும் டிராப் நோஸ்பேண்டிலோ, கேவ்சனோடு கூடுதலாக வரும் ஃபிளாஷின் கீழ் வாரிலோ ஒருபோதும் மாட்டாதீர்கள். மூக்கின் மென்மையான பகுதியில் மொத்த இழுப்பும் விழும். இதைக் கட்டிக்கொண்டு தண்ணீரிலும் இறங்க வேண்டாம். மேடுபள்ளத்தில் தடுக்கினால் குதிரை தலையையும் கழுத்தையும் வீசித்தான் சமாளிக்கும், நீந்தும்போதும் தலையைத் தூக்கியாக வேண்டும். அதற்கு இந்த வார் விடாது.

ரேஸ்கோர்ஸ் பக்கம் போனவர்கள் ஐரிஷ் மார்ட்டிங்கேலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வளையம், நடுவே ஒரு குட்டி வார், அவ்வளவுதான். நெஞ்சுவார், கழுத்துப்பட்டை ஒன்றும் கிடையாது. ரெயின் தலைக்கு மேல் ஒரு பக்கமாகப் புரண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும். தலை உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காபி எங்களிடம் வந்தபோது அவன் பழைய பிரைடிலில், அதாவது தலைக்கட்டில், இதுதான் இருந்தது. நான் ஏதோ பாதி அறுந்த மார்ட்டிங்கேல் என்று நினைத்தேன். பிப் என்பது ரன்னிங்கின் இரண்டு கிளைக்கும் நடுவே தோல் அடைத்தது. கிடைத்த வாரையெல்லாம் கடிக்கும் இளங்குதிரைக்கு அது உதவும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. விதிப்படி நடக்கும் ட்ரெஸ்ஸாஜில், அதாவது நடைப் பயிற்சிப் போட்டியில், எந்த மார்ட்டிங்கேலும் கூடாது. ஜம்பிங்கில் ரன்னிங் மட்டும். உள்ளூர்ப் போட்டி என்றால் அவர்கள் விதிப்புத்தகத்தை முதல் நாளே வாங்கிப் படியுங்கள்.

நோஸ்பேண்ட்

சாதாரணக் கேவ்சன் போதும் என்பது என் கட்சி. பத்தில் ஒன்பது குதிரைக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஓர் எலும்பு வரப்பு மாதிரி நீட்டி நிற்கும், தடவினால் தெரியும். அது முடியும் இடத்திலிருந்து இரண்டு விரல் அகலம் கீழே நோஸ்பேண்ட் இருக்க வேண்டும். மேலே ஏறினால் எலும்பில் உரசும். கீழே இறங்கினால் பிட்டுக்கும் வாருக்கும் நடுவே உதட்டோரம் கிள்ளுப்படும். நோஸ்பேண்டின் பக்கவார்கள் பிரைடிலின் கன்னவார்களுக்கு உள்பக்கமாகப் போக வேண்டும். பக்கிள் பின்னால் தாடைக்கு நடுப் பள்ளத்தில் வரட்டும். தாடை எலும்பின் விளிம்பில் தோல் மிக மெல்லியது. பக்கிள் அங்கே உட்கார்ந்தால் தழும்பாகும்.

இறுக்கம்தான் முக்கியம். மூக்கின் முன்பக்கம், நடு எலும்பின் மேல், இரண்டு விரலைச் சேர்த்துப் படுக்கவைத்து நுழையுங்கள். நடு மூட்டு வரை நெருக்கித் தள்ளாமல் போக வேண்டும். பலர் கன்னப் பக்கம் விரலை விட்டுப் பார்த்து 'போகுது, போகுது' என்று திருப்தியாகிவிடுகிறார்கள். அங்கே எலும்புக்குக் கீழே குழி இருக்கிறது. முன்னால் எவ்வளவு இறுகியிருந்தாலும் பக்கத்தில் விரல் போகத்தான் செய்யும்.

விரலிலும் ஒரு சிக்கல். என் விரல் குச்சி; சைஸ் அண்ணன் விரல் வாழைப்பழம். என் இரண்டு விரல் நுழைந்த இடத்தில் அவருக்கு ஒன்றே முக்கால் விரல்தான் போனது. எஃப்.இ.ஐ. 2025-இல் போட்டிகளுக்கு ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. மூக்கெலும்புக்கும் நோஸ்பேண்டுக்கும் நடுவே 1.5 செ.மீ. இடைவெளி என்பது அதன் கணக்கு. அதைப் படித்துவிட்டுத் தச்சரிடம் சொல்லி, 1.5 செ.மீ. தடிமனில் முனை உருட்டிய மரத்துண்டு ஒன்று இழைத்து வாங்கினேன். பிரைடில் தொங்கும் ஆணியிலேயே நூலில் கட்டித் தொங்குகிறது. மாணவர்கள் யார் கட்டினாலும் அதை விட்டுப் பார்த்த பிறகுதான் குதிரை களத்துக்குப் போகும். இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியத்தில் போட்டிக்கு வந்த 750 குதிரைகளை அளந்தார்கள். 44 சதவீதக் குதிரைகளுக்கு விரலே நுழைய இடமில்லை. இரண்டு விரல் இடம் இருந்தது 7 சதவீதத்துக்கு மட்டும்.

இன்னொரு சோதனை எங்கள் ஊர் முறை. எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு சின்னத் துண்டு வெல்லம் கொடுங்கள். சாதாரணமாக மென்று விழுங்கினால் சரி. உருட்டிக்கொண்டே நின்றால், அல்லது வாயோரம் ஒழுகவிட்டால், ஒரு ஓட்டை தளர்த்துங்கள். காபி வெல்லத்துக்காகவே நோஸ்பேண்ட் கட்டும்போது தலையைத் தானாக இறக்கிக் கொடுக்கப் பழகிவிட்டான் என்பது உபரி லாபம்.

டிராப் நோஸ்பேண்டில் இடம் தவறினால் ஆபத்து. மூக்குத்துளையின் மேல் விளிம்பிலிருந்து நான்கு விரல் மேலே, எலும்பின் மேல் நிற்க வேண்டும். பின்வார் பிட்டுக்குக் கீழே மோவாய்ப் பள்ளத்தில் போகும். குதிரையால் நம்மைப்போல் வாயால் மூச்சுவிட முடியாது, மூக்கு மட்டும்தான் வழி. இரண்டு விரல் கீழே இறங்கினால் எலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி வந்துவிடும். ஓட ஓட மூச்சுப்பாதையை நாமே பிடித்து நசுக்குவோம்.

கடையில் வாங்கும் கான்பூர் பிரைடில்களில் பாதிக்கு மேல் ஃபிளாஷ் வாரோடு வருகின்றன. கேவ்சனில் ஒரு கண்ணி, அதில் ஒரு மெல்லிய வார், பிட்டுக்குக் கீழே கட்டுவது. அந்தக் கீழ்வார் கேவ்சனைக் கீழே இழுக்கும். இழுக்கிறதே என்று கேவ்சனை இறுக்குவோம். இப்படியே இரண்டும் மாறிமாறி இறுகும். கூடவே வந்துவிட்டது என்பதற்காகக் கட்டாதீர்கள். நான் வாரைக் கழற்றி, பெட்டிமூடி கட்டவும் பக்கெட் தொங்கவிடவும் வைத்திருக்கிறேன்.

கிராக்கிள் என்பது மூக்கின் மேல் குறுக்காகப் பின்னிப் போகும் இரட்டை வார். 1931-இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஜெயித்த கிராக்கிள் என்ற குதிரையின் பெயர் அது. தாடையைப் பக்கவாட்டில் கோணும் குதிரைக்குக் கட்டுவார்கள். பல் பார்த்த பிறகு. கிராங்க் என்று கப்பி மாதிரி மடங்கி இறுகும் வகையும் உண்டு. சின்ன இழுப்பிலேயே பயங்கரமாக இறுகும் என்பதால் மாணவர்கள் கை படும் இடத்தில் நான் வைப்பதில்லை.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

தரோபிரெட்டுக்குப் பெரும்பாலும் ஃபுல் அளவு சரியாக இருக்கும். மார்வாரிக்கு முகம் ஒடுக்கம். மைனாவுக்கு அதைவிடச் சிறிய காப் அளவு வாங்கியும் நோஸ்பேண்டில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. ஆணியால் குத்தாதீர்கள். கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் வட்ட பஞ்ச் இருக்கும், அரை நிமிட வேலை.

கடற்கரை ஓரத்தில் லாயம் இருப்பவர்கள் பக்கிளைப் பாருங்கள். முலாம் பூசிய இரும்பு உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். தையலை, குறிப்பாக மார்ட்டிங்கேலின் அடி வளைவிலும் வளையம் கோத்த முனையிலும், இரண்டு கையால் இழுத்துச் சோதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தோலில் வெள்ளைப் பூஞ்சை படரும். ஈரத் துணியால் துடைத்து, கிளிசரின் சோப்பு தேய்த்து, நிழலில் காற்றாட விட்டால் போதும். தேங்காய் எண்ணெயில் முக்கி எடுக்கும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. தோல் மெத்தென்று ஆகும், கூடவே இழுபட்டு நீளவும் செய்யும்.

புது வார் எப்படியும் நீளும். முதல் நாள் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடைவிட்டு, நிறுத்தி, மரத்துண்டையும் வளையத்தின் உயரத்தையும் மறுபடி பாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு ஓட்டை மாறும். எந்த ஓட்டை எந்தக் குதிரைக்கு என்று எங்கள் லாயச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம்: காபி, மார்ட்டிங்கேல் நான்கு, நோஸ்பேண்ட் மூன்று. மைனா, மார்ட்டிங்கேல் இல்லை.